எட்டிலிருந்து இரண்டுக்கு: வீட்டு கோஆக்ஸ் ஸ்பிளிட்டரை மாற்றிய பதிவு

"அப்பா, மறுபடியும் போச்சு."

இந்தக் குரல் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கேட்கும். நான் எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் மோடத்தின் விளக்குகள் வரிசையாகச் சிமிட்டி முடித்து, இணைப்பு திரும்ப வந்திருக்கும். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம். காலையில் இந்தத் தொல்லை கிடையாது. இதோடு படுக்கையறை டிவியில் குறிப்பிட்ட நாலைந்து சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த சேனலுக்குத் தாவினால் கண்ணாடி மாதிரி படம்.

வழக்கம்போல முதலில் கேபிள் நிறுவனத்தைத்தான் திட்டினேன். ஒருவர் வந்தார். வீட்டுக்குள் நுழையும் ஒயரில் மீட்டரை மாட்டிப் பார்த்தார். "வர்ற சிக்னல் நல்லாதான் இருக்கு சார். உள்ள உங்க ஒயரிங்தான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கை கழுவுகிறார் என்று கோபம் வந்தது. அவர் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தேன். வெளியிலிருந்து வரும் கோஆக்ஸ் ஒயர் (நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னல் கம்பி உள்ள கேபிள்) ஒரு இரண்டு வழி ஸ்பிளிட்டருக்குள், அதாவது ஒரு சிக்னலை இரண்டாகப் பங்கு பிரிக்கும் சிறு பெட்டிக்குள், போகிறது. அதன் ஒரு கால் ஹால் டிவிக்கு. இன்னொரு கால் ஒரு சிறு துண்டு ஒயர் வழியாக ஒரு நான்கு வழி ஸ்பிளிட்டருக்கு. அந்த நான்கில் ஒன்று மோடத்துக்கு, ஒன்று படுக்கையறைக்கு, ஒன்று மாடியறைக்கு. கடைசிப் போர்ட் காலி, வாயைத் திறந்துகொண்டு. எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு சீட்டும் இல்லை. இதையெல்லாம் யார் செய்தார்கள் என்று யோசித்தால், பாதி நான்தான். டிவி ஒன்று கூடும்போதெல்லாம் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறேன்.

மோடத்துக்குள் ஒரு அளவுப் பக்கம் இருக்கும். பிரவுசரில் மோடத்தின் உள் முகவரியைத் தட்டினால் பெரும்பாலான மோடங்களில் திறக்கும். இதைப் பார்க்காமல் ஸ்பிளிட்டரில் கை வைப்பது இருட்டில் ஊசி கோப்பது மாதிரி. எனக்கு அங்கே இருந்தவை: இறங்குவழி (வெளியிலிருந்து மோடத்துக்கு வரும்) சிக்னல் மைனஸ் 11 டிபிஎம்வி, சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 32 டெசிபல், ஏறுவழி (மோடம் வெளியே அனுப்புவது) 51 டிபிஎம்வி. டிபிஎம்வி என்பது சிக்னலின் பலத்தை அளக்கும் அலகு. அந்தக் கணக்கில் பூஜ்யம் என்றால் சிக்னலே இல்லை என்று அர்த்தமில்லை. 75 ஓமில் (இந்த ஒயரும் சாதனங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் அளவு அது) ஒரு மில்லிவோல்ட் என்று அர்த்தம். இறங்குவழி மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 15 வரை மோடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டும்.

என் கண்ணை உறுத்தியது அந்த 51. ஏறுவழி எண் என்பது மோடம் எவ்வளவு உரக்கக் கத்துகிறது என்பது. மறுமுனைக்குச் சரியான அளவில் கேட்க வேண்டும் என்பதற்காக, வழியில் எவ்வளவு இழப்போ அவ்வளவு கூடுதலாகக் கத்தும். பல சேனல்களில் ஒரே சமயம் அனுப்பும் மோடத்துக்கு 51 என்பது தொண்டை கிழியும் இடம். அதற்கு மேல் போக வழியில்லை. வெயில் ஏறினால் ஒயரின் இழப்பும் கொஞ்சம் ஏறும்; இன்னும் ஒரு டெசிபல் கேட்டால்கூட மோடத்திடம் கொடுக்க இருப்பு இல்லை. தொடர்பு அறும், முதலிலிருந்து தொடங்கும். மதியத்துக் குரலின் காரணம் இதுதான்.

ஆனால் இந்தப் புரிதல் எனக்கு முதல் வாரம் வரவில்லை. முதல் வாரம் நான் செய்தது வேறு.

இரண்டு ஸ்பிளிட்டரை அடுக்கி வைத்திருப்பதுதான் கோளாறு, ஒரே பெரியதாகப் போட்டால் சரியாகிவிடும், பின்னால் இன்னொரு டிவி வந்தாலும் உதவும் என்று ஒரு எட்டு வழி ஸ்பிளிட்டர் வாங்கி வந்தேன். பளபளவென்று கனமாக இருந்தது. மாட்டினேன். மோடத்தில் மைனஸ் 12. முன்பிருந்ததைவிட மோசம். அதுவரை எந்தக் குறையும் இல்லாத ஹால் டிவியின் அளவும் சரிந்தது. உபயோகத்தில் இருப்பது நாலு போர்ட். காலியாக இருக்கிற நாலுக்கும் சேர்த்து என் சிக்னலைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்பிளிட்டரைத் தண்ணீர்க் குழாயின் கிளை மாதிரி நினைப்பதுதான் இந்தத் தப்பின் வேர். குழாயில் ஒரு கிளையை மூடினால் அந்தத் தண்ணீர் மற்றக் கிளைக்குப் போகும். இங்கே போகாது. ஒரு போர்ட்டில் எதையும் மாட்டாவிட்டாலும் அதன் பங்கு மற்றவற்றுக்கு வராது. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதி. அது கணக்குப்படி 3 டெசிபல் இழப்பு. உள்ளே இருக்கும் பொருட்கள் தின்பதையும் சேர்த்து நடைமுறையில் 3.5, அலைவரிசையின் மேல் கோடியில் 4. நான்கு வழி என்றால் 7-லிருந்து 7.5, கையில் வருவது ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. எட்டு வழியில் 11, 12 ஆகிவிடும். நான் அடுக்கி வைத்திருந்த இரண்டும் நான்கும் சேர்ந்து 11. உள்ளே வரும் சக்தியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மோடத்தின் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு மாற்றாக நான் வாங்கி வந்ததும் ஏறக்குறைய அதே இழப்புதான். விலை மட்டும் கூட.

இரண்டாவது வாரம் இரண்டாவது தப்பு. சிக்னல்தானே குறைவு, கூட்டிவிடலாம் என்று ஒரு ஆம்ப்ளிஃபயர். பழைய ஸ்பிளிட்டர்களைத் திரும்பப் போட்டு, அவற்றுக்கு முன்னால் இதை மாட்டினேன். டிவிகளெல்லாம் துள்ளிக் குதித்தன. மோடமோ செத்தே போனது. இறங்குவழி விளக்கு நிலையாக எரிகிறது, ஏறுவழி விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, அரை மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. மோடம் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயரின் மேல் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்: 47-லிருந்து 862 மெகாஹெர்ட்ஸ்.

மோடம் பேசுவது அதற்குக் கீழே. பல வலைகளில் ஏறுவழி 5-லிருந்து 42 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடும். சில இடங்களில் 65 வரை, 85 வரை. அந்தச் சாதனம் ஆன்டெனாவும் டிவியும் மட்டும் இருக்கும் வீட்டுக்கானது. ஒரு திசையில்தான் கடத்தும். எனக்குக் கேட்கிறது, நான் சொல்வது வெளியே போகவில்லை என்ற நிலையில் மோடம் உட்கார்ந்திருந்தது. திரும்பும் பாதை உள்ள ஆம்ப்ளிஃபயர்களும் உண்டு. ஆனால் அந்தக் கட்டத்தில் எனக்கே ஒரு வெட்கம் வந்துவிட்டது. வெளியிலிருந்து நல்ல சிக்னல் வருகிறது என்று ஒருவர் அளந்தே சொல்லியிருக்கிறார். அதை வீட்டுக்குள் நானே வீணாக்கிவிட்டு, வீணானதைக் கூட்ட ஒரு பெட்டி வாங்குவானேன்?

மூன்றாவது வாரம் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மோடத்தைத் தூக்கிக்கொண்டு போய், நுழையும் ஒயரிலேயே நேராக மாட்டினேன். இறங்குவழி பிளஸ் 6, ஏறுவழி 38. இதுதான் என் கையிருப்பு. பழைய அமைப்பில் இரண்டு ஸ்பிளிட்டரும் சேர்ந்து 11 எடுக்கும். மோடத்துக்குப் போகும் 10 மீட்டர் ஒயர் பழைய ஆர்ஜி-59 (மெல்லிய வகைக் கோஆக்ஸ்); அது ஏறக்குறைய 2 எடுக்கும். ஆக 6-லிருந்து 13 போனால் மைனஸ் 7 வர வேண்டும். ஆனால் வந்துகொண்டிருந்தது மைனஸ் 11. நடுவில் 4 டெசிபல் எங்கேயோ ஒழுகுகிறது.

இந்த நாலு கணக்கில் உதைக்காமல் இருந்திருந்தால் நான் ஸ்பிளிட்டரை மட்டும் மாற்றிவிட்டு, அரைகுறையாகச் சரியாகி, திரும்பத் திரும்பத் தலையைச் சொறிந்திருப்பேன். தேடும் முறை எளிது: நன்றாக இருக்கிறது என்று தெரிந்த ஒரு சிறு ஒயரை வைத்துக்கொண்டு, மோடத்தை ஒவ்வொரு இடமாக மாட்டிக்கொண்டே வருவது. நான்கு வழியின் போர்ட்டில் நேராக மாட்டினால் மைனஸ் 5. சரியான கணக்கு. அதே போர்ட்டிலிருந்து போகும் பத்து மீட்டர் ஒயரின் அந்தக் கோடியில் மைனஸ் 11. அப்படியென்றால் ஒழுகல் இந்த ஒயரில்தான்.

ஸ்பிளிட்டர் பக்கத்து முனையைக் கழற்றினேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை, இரண்டு விரலில் வந்துவிட்டது. அதுவே ஒரு துப்பு. திருகிச் சொருகும் வகை கனெக்டர், லேசாக இழுத்ததும் ஒயரிலிருந்து தனியே கழன்று கைக்கு வந்தது. உள்ளே பார்த்தால்: நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைவிட அரை மில்லிமீட்டர் உள்ளே பதுங்கியிருக்கிறது. அது விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் அளவுக்காவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கம்பியின் ஒரு பக்கம் செம்பு நிறம், இன்னொரு பக்கம் பழுப்புத் துரு. முன்பு ஒயரைச் சீவியவர் கத்தியை அழுத்திப் பிடித்திருக்கிறார். செம்புப் பூச்சு உரிந்து உள்ளே இருக்கும் எஃகு வெளியே தெரிந்து, துருப்பிடித்திருக்கிறது. இந்த ஒயர்களில் பெரும்பாலானவற்றின் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை, எஃகின் மேல் செம்புத் தோல். உயர் அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் தோல் மேலேயே ஓடுவதால் அது போதும். தோலே போய்விட்டால் போதாது. சுற்றியிருக்கும் பின்னல் கம்பியைப் பின்னுக்கு மடிக்காமல் குத்துமதிப்பாக நறுக்கிவிட்டிருந்தார். நாலு டெசிபல் இந்த ஒன்றரை சென்டிமீட்டரில் இருந்தது.

அந்தக் கத்தியைப் பிடித்த கை என்னுடையதாகவும் இருக்கலாம். நினைவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பழைய நான்கு வழியை இனி போடப்போவதில்லை என்பதால் பின்பக்க மூடியை நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று ஜோடி குட்டி ஃபெரைட் (காந்தப் பீங்கான்) துண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டு துளை போட்ட மிளகு அளவு. துளைகளில் தலைமுடி போன்ற எனாமல் கம்பி ஒன்றிரண்டு சுற்று. நான்கு வழி என்பது உண்மையில் மூன்று இரண்டு வழிகள்: முதலில் ஒன்று இரண்டாகி, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சுருள் 75 ஓம் பொருத்தத்தைக் காப்பாற்ற, இன்னொன்று பங்கு பிரிக்க. அதன் இரண்டு கால்களுக்கு நடுவில் ஒரு ரெசிஸ்டர். ஒரு போர்ட்டிலிருந்து திரும்பி வருவது பக்கத்துப் போர்ட்டுக்குத் தாவாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நல்ல ஸ்பிளிட்டரில் இரண்டு வெளிப்போர்ட்டுகளுக்கு இடையில் 20 டெசிபலுக்கு மேல் தடுப்பு இருக்கும். மோடம் கத்தும்போது பக்கத்து டிவியின் காது அடைக்காமல் இருப்பது இதனால்தான்.

புதியது வாங்கும்போது என்ன பார்த்தேன் என்பதற்கு வருகிறேன். தங்க முலாம், உயர்தெளிவு, '4கே' என்ற எழுத்து எல்லாம் விட்டுவிடலாம். தேவையானது மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும்.

முதலில் அலைவரிசை. மோடம் இருக்கும் வீட்டுக்குக் கீழ் எண் 5 ஆக இருக்க வேண்டும். மேல் எண் 1000 இருந்தால் போதும். புது வகைக் கேபிள் இணைய வலைகளுக்கு 1218. அதே கோஆக்ஸ் ஒயரிலேயே அறைக்கு அறை வலையமைப்பு ஓட்டுபவர்களுக்கு 1675 வேண்டும், நுழைவாயிலில் அதற்கான வடிகட்டியும் வேண்டும். மேல் எண் பெரிதாக இருந்தால் சிக்னல் கூடும் என்று நினைக்க வேண்டாம். தேவைக்கு மேல் இருப்பதால் நன்மை எதுவும் இல்லை.

அடுத்து, ஒவ்வொரு போர்ட்டின் பக்கத்திலும் இருக்கும் இழப்பு எண். இரண்டு வழியில் இரு பக்கமும் 3.5. மூன்று வழியில்தான் விஷயம் இருக்கிறது. அதில் இரண்டு ரகம். ஒன்றில் மூன்று போர்ட்டும் சமம், ஒவ்வொன்றிலும் 5.5-லிருந்து 6 வரை போகும். இன்னொன்றில் ஒரு போர்ட் 3.5, மற்ற இரண்டும் 7. அது தரக்குறைவு இல்லை. முதலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் மறுபடி பிரித்தது. வீட்டில் ஒரு ஒயர் மிக நீளமாக இருந்தால் இந்தச் சமமில்லாத ரகம்தான் வரம். எந்த எண்ணும் அச்சிடாத ஸ்பிளிட்டரை நான் வாங்குவதில்லை. அதன் இழப்பு என்ன என்று செய்தவருக்கே தெரியாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தரைக் கம்பி இணைக்க ஒரு திருகு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். பின்மூடி பசையில் ஒட்டியதா, ஈயப் பற்று வைத்ததா என்பதையும் நான் பார்ப்பேன். பசை காலப்போக்கில் விட்டுக்கொடுக்கும், வெளி இரைச்சல் உள்ளே வரும்.

என் புதிய அமைப்பு இது. நுழையும் ஒயர் ஒரு இரண்டு வழிக்கு. ஒரு கால் நேராக மோடத்துக்கு, நடுவில் வேறு எதுவும் கிடையாது. மறுகால் சமமில்லாத மூன்று வழிக்கு. அதன் 3.5 போர்ட் 25 மீட்டர் தள்ளியிருக்கும் படுக்கையறைக்கு. 7 போர்ட்டுகள் 5 மீட்டரில் இருக்கும் ஹாலுக்கும் 18 மீட்டரில் இருக்கும் மாடியறைக்கும். ஒயர்களையெல்லாம் இன்னும் தடித்த வகையான ஆர்ஜி-6 ஆக மாற்றினேன். நடு அலைவரிசையில் அது 100 மீட்டருக்கு 16 டெசிபல் போல எடுக்கும், ஆக படுக்கையறைக்கு 4, மாடிக்கு 3, ஹாலுக்கு ஒன்றுக்கும் கீழே. பேப்பரில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்று டிவிக்கும் மைனஸ் 5-க்கும் மைனஸ் 8-க்கும் நடுவில். அது போதும். மோடத்துக்குப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே.

ஒரே ஒரு நல்ல நான்கு வழி போட்டிருந்தால்கூட என் வீட்டில் ஓடியிருக்கும். கணக்கும் போட்டுப் பார்த்தேன்: மோடத்துக்கு மைனஸ் 3, ஏறுவழி 45, 46. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் டிவி ஐந்து டெசிபல் குறைந்தாலும் முகம் சுளிக்காது, மோடம் சுளிக்கும். இரண்டு திசையிலும் வேலை செய்வது அது ஒன்றுதான். அதற்கு முதல் பிரிவிலேயே பங்கு கொடுத்துவிட்டேன்.

ஒயர்களை மாற்றும்போதுதான் எது எங்கே போகிறது என்ற குழப்பம். மாடியறைக்கும் படுக்கையறைக்கும் போகும் இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே குழாய்க்குள். இங்கே ஒரு 75 ஓம் டெர்மினேட்டரும் (உள்ளே 75 ஓம் ரெசிஸ்டர் வைத்த சிறு மூடி) மல்டிமீட்டரும் போதும். ஒயரின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, அறையில் இருக்கும் முனையில் டெர்மினேட்டரைத் திருகிவிட்டு வந்து, பெட்டியில் ஒவ்வொரு ஒயராக நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் நடுவே ஓம் பார்த்தேன். ஒன்றில் எதுவும் காட்டவில்லை. இன்னொன்றில் 78. டெர்மினேட்டரின் 75, மீதி மூன்று ஒயரின் சொந்தத் தடை. ஒயர் தொடர்ச்சியாக இருக்கிறது, எங்கும் அறுபடவில்லை என்பதும் அதே எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் எங்கேயோ பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொடுகிறது என்று அர்த்தம். ஸ்பிளிட்டரை மாட்டியபடியே இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. உள்ளே இருக்கும் சுருள் பல ஸ்பிளிட்டர்களில் தரையோடு சேர்ந்திருப்பதால் மீட்டர் ஷார்ட் என்று காட்டிப் பயமுறுத்தும்.

கனெக்டர் போடுவதில் இந்த முறை சோம்பல் படவில்லை. திருகும் வகையைத் தூக்கி எறிந்துவிட்டு, அழுத்திப் பூட்டும் கம்ப்ரெஷன் வகைக்கு மாறினேன். அதற்கு ஒரு டூலும் ஒரு ஸ்டிரிப்பரும் வேண்டும். ஸ்டிரிப்பரை இரண்டு மூன்று சுற்று சுற்றினால் இரண்டு படிகளாகச் சீவித் தரும்: முதல் 6 மில்லிமீட்டருக்கு வெறும் நடுக்கம்பி, அடுத்த 6 மில்லிமீட்டருக்கு வெள்ளை நுரையும் அதை ஒட்டிய அலுமினியத் தாளும். பின்னல் இழைகளை விரலால் கலைத்து, வெளித்தோலின் மேல் பின்னுக்கு மடிக்க வேண்டும். ஒன்றுகூட முன்னால் நிற்கக்கூடாது. நுரைக்கு ஒட்டியிருக்கும் தாளை உரிக்கக்கூடாது. பிறகு கனெக்டரை நுழைத்து, உள்ளே வெள்ளை நுரை கனெக்டரின் அடித்தளத்தோடு சமமாக வந்து நிற்கும்வரை தள்ள வேண்டும். இந்தத் தள்ளலில்தான் எல்லோரும் பாதியில் விட்டுவிடுகிறோம். கை வலிக்கும். திருகியபடி தள்ளினால் கடைசியில் 'சரக்' என்று ஒரு இடத்தில் உட்காரும். நுரை அடித்தளத்தோடு சமமாக நிற்கிறது, நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி நிற்கிறது என்று உறுதிசெய்துகொண்டுதான் டூலில் வைத்து அமுக்க வேண்டும்; அமுக்கியபின் திருத்த வழியில்லை, வெட்டிவிட்டு மறுபடி. நான் பத்து கனெக்டர் போட்டதில் மூன்று குப்பைக்குப் போயின. கனெக்டரும் ஒயரின் ரகமும் பொருந்த வேண்டும்; ஆர்ஜி-59-க்கானதை ஆர்ஜி-6-ல் திணிக்க முடியாது, மாறாகப் போட்டால் தொளதொளக்கும்.

மாட்டும்போது கையால் முழுக்கத் திருகிவிட்டு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் இன்னும் ஒரு அரைக்கால் திருப்பு. அதற்கு மேல் முறுக்கினால் ஸ்பிளிட்டரின் போர்ட்டே உள்ளே சுற்றிக்கொள்ளும், அந்தத் தலைமுடிக் கம்பிகள் அறும்.

போர்ட் எதுவும் காலியாக இல்லாததால் இந்த முறை டெர்மினேட்டர் தேவைப்படவில்லை. தேவைக்கு மேல் போர்ட் இருக்கிற ஸ்பிளிட்டர் வைத்திருப்பவர்கள் காலியானதில் 75 ஓம் டெர்மினேட்டர் ஒன்றைத் திருகிவிடுவது நல்லது. திறந்த வாயில் சிக்னல் மோதித் திரும்பும், வெளியிலிருந்து இரைச்சலும் உள்ளே நுழையும். இழந்த பங்கு இதனால் திரும்ப வராது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இதைக் கேட்டுவிட்டு, டிஷ் ஆன்டெனா வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தன் வீட்டிலும் இரண்டு வழி போட்டு இரண்டு பெட்டி ஓட்டலாமா என்றார். ஓட்டமுடியாது, நினைத்தபடி. டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரில் ஓடுவது 950-லிருந்து 2150 மெகாஹெர்ட்ஸ். 1000-த்தோடு நிற்கும் என் ஸ்பிளிட்டர் அங்கே செல்லாது. போதாக்குறைக்கு அதே ஒயரில் செட்டாப் பாக்ஸ் மேலே எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் கருவி) மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் ஒரு துருவ நிலை, 18 வோல்ட் அனுப்பினால் இன்னொன்று. ஒரு பெட்டி 13 கேட்கும்போது மற்றது 18 கேட்டால் 18-தான் ஜெயிக்கும், முதல் பெட்டியில் பாதிச் சேனல் காணாமல் போகும். அங்கே இரண்டு வெளியீடு உள்ள எல்என்பி போட்டு இரண்டு ஒயர் இறக்குவதுதான் வழி.

என் வீட்டுக்குத் திரும்புகிறேன். எல்லாம் மாட்டி முடித்த மாலை மோடத்தின் பக்கத்தைத் திறந்தேன்: இறங்குவழி 0.5, இடைவெளி 38, ஏறுவழி 42. தொண்டையில் ஒன்பது டெசிபல் இருப்பு வந்துவிட்டது. அடுத்த நாள் மதியம் இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஆனால் படுக்கையறை டிவி. அதே நாலைந்து சேனல்கள். அதே கட்டங்கள்.

சிக்னல் அளவு நன்றாக இருக்கிறது, ஒயர் புதிது, கனெக்டர் புதிது. எல்லாச் சேனலும் மங்கினால் இழப்பு என்று சொல்லலாம். ஒரு கொத்துச் சேனல் மட்டும் உடைந்தால் ஏதோ ஒரு அலைவரிசையை மட்டும் யாரோ கடிக்கிறார்கள். டிவியின் சிக்னல் பக்கத்தில் பார்த்தால் உடைபவை எல்லாம் 500 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் குவிந்திருக்கின்றன. புது ஒயரைச் சுவர் வரைதான் இழுத்திருந்தேன். சுவர்ப் பிளேட்டிலிருந்து டிவி வரை பழையதே. பிளேட்டின் இரண்டு திருகைக் கழற்றி மெல்ல முன்னால் இழுத்தேன்.

பின்னால் ஒரு உலோக 'டி'. ஒரு காலில் உள்ளே வரும் ஒயர், ஒரு காலில் டிவிக்குப் போவது, மூன்றாவது காலில் ஏறக்குறைய அரைச் சாண் நீளமுள்ள ஒரு துண்டு ஒயர், நுனியில் எதுவும் இல்லாமல் தொங்கிக்கொண்டு. எப்போதோ யாரோ கட்டிலின் அந்தப் பக்கத்தில் இன்னொரு டிவி வைக்க நினைத்து, வேண்டாம் என்று நறுக்கியிருக்கிறார்கள்.

இந்த 'டி' ஸ்பிளிட்டரே அல்ல. உள்ளே ஃபெரைட்டும் இல்லை, ரெசிஸ்டரும் இல்லை, மூன்று கம்பி ஒரே இடத்தில் சேர்கிறது, அவ்வளவுதான். இரண்டு 75 ஓம் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் 37.5 ஓம், வருகிற சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நுனி திறந்த அந்தத் துண்டுதான் வில்லன். ஒரு துண்டின் நீளம் எந்த அலையின் கால் பங்கோ, அந்த அலைக்கு அந்த இடம் ஷார்ட் அடித்த மாதிரி. நுரை நிரப்பிய ஒயரில் அலை ஓடுவது ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 82 விழுக்காடு. அளவுநாடாவை வைத்தேன். டியின் நடுவிலிருந்து நறுக்கிய நுனி வரை 12 சென்டிமீட்டர். நாலால் பெருக்கினால் 48. செல்போன் கால்குலேட்டரில் வகுத்தேன். 512 மெகாஹெர்ட்ஸ்.

டியைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயரையும் ஒரு நேர் இணைப்பானில் சேர்த்து, பிளேட்டை மூடினேன். உடைந்துகொண்டிருந்த சேனலுக்குப் போனேன். செய்தி வாசிப்பவரின் மூக்கு முதன்முறையாக ஒரே துண்டாகத் தெரிந்தது.